மனையை விற்காதீர்கள் சார்

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து ஒரு அப்பா மகளோடு வந்திருந்தார். பொதுப்பணித்துறையில் எழுத்தர், ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம். மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். "ப்ளஸ் டூ முடிச்சதும் மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிடணும். அப்புறம் யுடிசி, அதான் கவர்மென்ட் கிளார்க் பரீட்சை எழுத வெச்சிடலாம்ங்கிறாரு மச்சான்." அதற்காக வில்லியனூர் மனையை விற்கவும் தயாராக இருக்கிறார்.

பதறாதீங்க என்று காபி கொடுத்தேன். ஆறுதல் அதோடு சரி.

"உங்க அப்பா எங்க வேலை பார்த்தார்?"

"ரோடியர் மில்லு."

1898-ல் தொடங்கிய துணி மில். எண்பதுகளில் அரசு எடுத்து நடத்த ஆரம்பித்தபோது, இனி கவர்மென்ட் மில், கவலையில்லை என்றுதான் தெருவே நினைத்தது. 2020-ல் மூடிவிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து வந்தவரே அரசு வேலைதான் பத்திரம் என்கிறார்.

புதுச்சேரியின் கணக்கைப் பாருங்கள். மாநிலங்களுக்கு நிதிக்குழு பிரித்துக் கொடுக்கும் பங்கில் யூனியன் பிரதேசமான நமக்கு இடமில்லை. 2007-ல் மத்திய அரசின் கணக்கிலிருந்து பிரிந்து தனிக் கணக்கு தொடங்கியதிலிருந்து கடன் நம் தலையில். பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளம், பென்ஷன், வட்டி என்றே போய்விடுகிறது. புதுப் பணியிடம் எங்கிருந்து வரும்? அதனால்தான் எந்த ஆட்சி வந்தாலும் முதலீட்டாளரைக் கூப்பிடுகிறார்கள். முன்பு விற்பனை வரி குறைவு என்று சேதராப்பட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் கம்பெனிகள் வந்தன. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் அந்தச் சலுகைக்கு அர்த்தமில்லை. இனி வருகிறவர் இங்கே கைத்தொழில் தெரிந்த ஆள் கிடைக்குமா என்று பார்ப்பார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் என் பேனா மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "இந்தக் கோடு ஏன் சார் இருக்கு?" உருக்கிய பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடம் அது. பாதிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் பிளாஸ்டிக் அந்த இடுக்கில் கசிந்து பிசிறு தட்டும். அந்த அச்சைச் செய்பவர்தான் டூல் அண்ட் டை மேக்கர். ஒரு தலைமுடியின் கனத்தைப் பல பாகமாகப் பிரித்தால் வரும் அளவுக்குத் துல்லியம் வேண்டும். வரைபடம் படிக்கணும், சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில் வெட்டணும், மின்பொறியால் அறுக்கும் ஒயர் கட் மெஷினில் மூலை எடுக்கணும், கடைசியில் கையால் பாலிஷ் போட்டுப் பொருத்தணும். பேனா மூடி, வாஷிங் மெஷின் பாகம், கார் டேஷ்போர்டு எதுவானாலும் முதலில் அச்சு வேண்டும்.

இதைக் கற்றுக்கொடுக்கும் மத்திய அரசின் கருவி வடிவமைப்பு நிறுவனம் சிஐடிடி, 1968-லிருந்து ஹைதராபாத்தில் இருக்கிறது, சென்னையிலும் கிளை உண்டு. அங்கே டூல், டை, மோல்ட் மேக்கிங் டிப்ளமோ நான்கு வருஷம். பத்தாவது போதும், நுழைவுத்தேர்வு எழுதணும். பாதி நாள் பட்டறையில்தான், கிரீஸ் கையோடு. பிறகு ஆசைப்பட்டால் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேர வழியிருக்கிறது.

"பொம்பளப் புள்ள லேத் பட்டறையிலயான்னு கேப்பாங்களே சார்?"

கேட்கட்டும். கேட்கிறவர்கள் ஃபீஸ் கட்டப் போவதில்லை. மிக்ஸியைக் கழற்றி மாட்டுகிறவளை நாலு வருஷம் கோடிங் முன்னால் உட்கார வைப்பதுதான் எனக்குக் கஷ்டமாகத் தெரிகிறது.

ஒன்று மறைக்க மாட்டேன். தனியார் ஆலைகளில் கான்ட்ராக்ட் ஆட்கள் நிறைய, பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அச்சு செய்யத் தெரிந்தவளுக்கு அடுத்த ஆலையிலும் கதவு திறக்கும், ஓசூரோ கோவையோ.

ஃபீஸ், ஹாஸ்டல் செலவு எவ்வளவு என்று நேரில் போய்க் கேட்டுக் காகிதத்தில் எழுதி வாருங்கள். மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மச்சான் கோபித்தால் என் நம்பரைக் கொடுங்கள்.