பேரைப் பிரித்துப் பார்த்தால்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் யூதர்களின் மொழியான எபிரேயத்து (ஹீப்ரு) பெயர்கள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: பையனுக்குக் கேட்டை நட்சத்திரமுங்க. நோ, ய, யி, யு என்று எழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் பார்த்து ‘நோவா’ என்று முடிவு செய்தோம். எங்கள் அம்முச்சியோ, “நோவுன்னு யாராச்சும் பேரு வைப்பாங்களா?” என்கிறார். என்ன செய்யலாம்?

அம்முச்சிக்குக் காது நன்றாகவே கேட்கிறது. எபிரேயத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. பேழை கட்டியவரின் பெயர் தொண்டையைச் செருமுவதுபோல் ‘ஹ்’ ஒலியில் முடியும். பொருள் ஓய்வு, ஆறுதல். அந்த ஒலி இல்லாத இன்னொரு ‘நோவா’ பெண்பெயர், பொருள் அசைவு. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் சொத்துரிமை கேட்டு வந்து நின்ற ஐந்து சகோதரிகளில் ஒருத்தி அவள். தமிழ் வேதாகமம் ‘நோவாள்’ என்கிறது. இன்றைய இஸ்ரேலில் ‘நோவா’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது பெண்பிள்ளைதான். எழுத்து மாறாமல் வேண்டுமென்றால் ‘நோஅம்’ (இனிமை), ‘யாயிர்’ (ஒளி தருவான்) இரண்டும் நல்ல பெயர்கள். என் ஓட்டு யாயிருக்கு. சொல்லவும் சுலபம், அம்முச்சியும் மறுக்க மாட்டார்.

சென்னிமலை வாசகர்: பட்டியலுக்குப் பட்டியல் பொருள் மாறுகிறது. நாமே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. பழைய எபிரேயப் பெயர்களில் பல குட்டி வாக்கியங்கள். ஒரு துண்டு கடவுள், இன்னொரு துண்டு அவர் செய்த காரியம். கடவுளைக் குறிப்பவை ‘ஏல்’, ‘யா’, ‘யோ’. ‘நாத்தான்’ என்றால் கொடுத்தான். இனி கூட்டிப் பாருங்கள்: யோனத்தான், நாத்தான்வேல், எல்நாத்தான். வரிசைதான் மாறுகிறது, மூன்றுக்கும் பொருள் நம் ஊரில் சொல்கிற ‘சாமி குடுத்தது’தான். தானியேல் – கடவுள் என் நீதிபதி. இஸ்மவேல் – கடவுள் கேட்கிறார். இஸ்மாயில் என்பதும் அதே பெயர். மிகாவேல் ஒரு கேள்வி: கடவுளுக்கு நிகர் யார்?

நம் முன்னோர் இதைப் புரிந்துகொண்டே பெயர்த்தார்கள். யோவானுக்குள் இருக்கும் ‘அருளினார்’தான் அருளப்பர். எலெயாசார் (கடவுள் உதவினார்) கிரேக்கத்தில் லாசர் ஆகி, தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 1745இல் திருமுழுக்குப் பெற்று, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் பெயர் இப்படி வந்ததுதான்.

சறுக்குகிற இடம் ஒன்று. கடைசியில் ‘ஏல்’ கேட்டவுடன் கடவுள் என்று எழுதிவிடாதீர்கள். கடவுளைக் குறிக்கும் ‘ஏல்’ ஆலெப், லாமெத் என்ற இரண்டு எழுத்து. ராகேலின் எழுத்துகள் ரேஷ், ஹேத், லாமெத்; ஆலெப்பே கிடையாது. ராகேல் என்றால் பெண் செம்மறி. குரும்பாட்டுப் பட்டி வைத்திருக்கும் வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் பொருத்தமான பெயர், ஆனால் ‘தேவமகள்’ என்று பட்டியல் சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல் பிலிப்பு, ஸ்தேவான், அந்திரேயா மூன்றும் கிரேக்கம். மார்த்தாளும் தோமாவும் எபிரேயத்துக்கு உறவான அரமேயம். சேவியர் பாஸ்க் மொழியில் ‘புது வீடு’. எல்லாவற்றையும் எபிரேயத்தில் சேர்ப்பது பட்டியல்காரர்களின் வழக்கம்.

தாராபுரம் வாசகி: மகளுக்கு ‘ரெபேக்காள்’ என்று தமிழில் பதிந்தோம். ஆங்கிலத்தில் கடைசி ‘எல்’ இல்லை. ஆதாரில் ‘எல்’ சேர்த்துவிட்டார்கள். எது சரி?

ஆங்கிலத்தில் ‘எல்’ இல்லாததே சரி. எபிரேயத்தில் அவள் ‘ரிவ்கா’. கடைசி ‘ள்’ நம் மொழி போட்டுவிட்ட பெண்பால் விகுதி. சாரா – சாராள், ஹன்னா – அன்னாள், எல்லாம் அப்படி வந்தவை. ராகேல் விலக்கு. அதில் ‘ல்’ பிறவியிலேயே உள்ளது. ஆகவே ‘ராகேள்’ என்று எழுதினால் பிழை.

பிறப்புச் சான்றிதழில் எது உள்ளதோ அதற்கு மற்றவற்றைத் திருத்துங்கள். பெயர் வைக்கப் போகிறவர்களுக்கும் இது உதவும்: பிறப்பை 21 நாளுக்குள் பதியும்போது பெயர் முடிவாகாவிட்டால் காலியாக விடலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன். அவசரப்பட்டு ஒரு பெயரைப் பதிந்துவிட்டு மாற்றப் போனால் அரசிதழ் வரை அலைய நேரும். படிவத்தில் தமிழ்க் கட்டம், ஆங்கிலக் கட்டம் இரண்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். தட்டச்சு செய்பவர் காதில் விழுந்தபடி அடிப்பதில்தான் பாதி வம்பு.

பல்லடம் வாசகர்: அப்பாரு பேரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். யூதர்களிடம் உண்டா?

உண்டு, ஆனால் இரண்டு கட்சி. செபார்திக் (ஸ்பெயின் வழி வந்த) யூதர்கள் உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரையே மூத்த பேரனுக்கு வைப்பார்கள். அது அவருக்கு மரியாதை. அஷ்கெனாசி (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழி வந்த) வீடுகளில் மறைந்தவர் பெயரை மட்டும்தான் வைப்பார்கள். இருப்பவர் பெயரை வைப்பது ஆகாது. மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள்களால் நம் வீடுகளில் ‘கூப்பிடுகிற பேரு’ ஒன்று தனியாக முளைத்ததல்லவா? அங்கும் வெளிநாட்டு யூதர்கள் பலருக்கு ஊர்ப்பெயர் ஒன்று, எபிரேயப் பெயர் ஒன்று. ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பெயர். பெண்பிள்ளைக்குத் தொழுகைக்கூடத்தில் தோரா என்னும் யூத வேதம் வாசிக்கும் நாளில். தோரா வாசிக்க அழைக்கும்போது பெயர், ‘பென்’ (மகன்), தகப்பன் பெயர் என்று அழைப்பார்கள், மகளுக்கு ‘பத்’. நம் இனிஷியலைப் பின்னால் போட்ட மாதிரி. நோயாளிக்காக வேண்டும்போது மட்டும் தாயின் பெயர்.

ஈரோடு வாசகர்: எண்கணிதம் பார்த்து ஒரு ‘ஏ’ கூடப் போடச் சொல்கிறார்கள். இது எபிரேய முறை என்கிறார்களே?

எபிரேய முறையில் கூடுதல் ‘ஏ’ எதையும் மாற்றாது. அதில் 22 எழுத்துக்கும் எண் உண்டு, ஆலெப் 1 முதல் தாவ் 400 வரை. ஆனால் எழுத்துகள் எல்லாம் மெய். உயிர்க்குறிகள் கணக்கில் வராது. தாவீது: தாலெத் 4, வாவ் 6, தாலெத் 4, ஆக 14. அவ்வளவுதான். ‘உயிர்’ என்னும் சொல்லான ‘ஹை’ 8+10=18 என்பதால் யூதர்கள் அன்பளிப்பை 18, 36 என்று வைப்பார்கள். நாம் மொய்யில் 101 எழுதுவதுபோல.

கரூர் வாசகி: எபினேசர், பியூலா, கெசியா – பொருள்?

எபினேசர் என்றால் உதவிக் கல். சாமுவேல் வெற்றிக்குப் பின் நட்ட கல்லின் பெயர் அது; வேதாகமத்தில் எந்த ஆளின் பெயரும் அல்ல. பியூலா – மணமானவள். ஏசாயா 62இல் தேசத்துக்குச் சொன்னது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஏனோ சற்று அவசரமாகப் படுகிறது. கெசியா யோபுவின் இரண்டாம் மகள்; பொருள் இலவங்கப்பட்டைக்கு இனமான ஒரு வாசனைப் பட்டை. அவளுடைய தங்கை கேரேனாப்புக்கின் பெயர் இன்னும் அழகு: கண்மை வைக்கும் கொம்பு, அதாவது மைச்சிமிழ். அந்தப் பெயரை யாருமே வைப்பதில்லை.

கோவை வாசகர்: சூசை, ஜோசப், யூசுப் மூன்றும் ஒன்றா?

ஒன்றே. மூலம் ‘யோசேப்’, பொருள் ‘இன்னும் ஒன்று சேர்த்துத் தரட்டும்’. நம் ஊர்ப் ‘போதும்பொண்ணு’வுக்கு நேர் எதிர். சுமார் 1000ஆம் ஆண்டு சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்) அளித்த வட்டெழுத்துச் செப்பேட்டில் யூதத் தலைவர் ஒருவர் ‘ஈசுப்பு இரப்பான்’ என்று வருகிறார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கம், நம் வாய்க்கு ஏற்றபடியே.

பொள்ளாச்சி வாசகி: மகளுக்குக் காட்டு விலங்கின் பெயராக எபிரேயத்தில் ஒன்று வேண்டும்.

யாயேல். பாறைச் சரிவில் ஏறும் மலையாடு. தமிழ் வேதாகமத்தில் ‘யாகேல்’. வால்பாறை மலைப்பாதையில் நிற்கும் வரையாட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலும் கடைசி ‘ஏல்’ கடவுள் அல்ல. ஆங்கிலத்தில் ‘ஜே’யில் தொடங்கினால் பள்ளியில் ‘ஜெயில்’ ஆக்கிவிடுவார்கள். ‘ஒய்’ போட்டே பதியுங்கள்.