சரக்கு 40 லட்சம், இன்சூரன்ஸ் 20 லட்சம்: போதுமா?

கேள்வி: ஊத்தங்கரையில் மோட்டார், பைப், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வாடகைக் கட்டடம். ஜி.எஸ்.டி. இல்லாமல் கொள்முதல் விலையில் 40 லட்சத்துக்குச் சரக்கு நிற்கிறது. 20 லட்சம் சி.சி. கடனுக்காக (சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கேஷ் கிரெடிட்) வங்கியே அதே தொகைக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது. 2024 டிசம்பர் மழைக்குப் பிறகு பயம் வந்துவிட்டது. பூகம்பத்துக்கும் தனி பாலிசி வேண்டுமா? இல்லை, பிரீமியப் பணத்தை எஃப்.டி.யில் போட்டுவிடலாமா?

பதில்: தனி பாலிசி வேண்டாம். 2021 ஏப்ரலில் சிறு தொழில்களுக்காக வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியிலேயே தீ, புயல், வெள்ளம், பூகம்பம் எல்லாம் அடக்கம். ஓரிடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடிக்குள் இருந்தால் இதுதான் உங்களுக்கு. குஜராத்தின் கட்ச் பகுதி அளவுக்கு நமக்குப் பூகம்ப ஆபத்து இல்லை. ஆனாலும் 1900-ல் கோயம்புத்தூர் பக்கம் சுமார் 6 அளவில் நிலம் ஆடியிருக்கிறது. சேர்ந்தே வருவதை விடுவானேன்? ஃபெஞ்சல் புயல் சமயத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்த ஊர் உங்களுடையது. அங்கே முதல் பயம் தண்ணீர்தான்.

எனக்கு உறுத்துவது அந்த 20 லட்சம். அது கடனுக்குப் பார்த்துப் போட்ட தொகை, சரக்குக்குப் பார்த்து அல்ல. 40 லட்சம் சரக்கை 20 லட்சத்துக்கு எழுதியிருந்தால், 10 லட்சம் நஷ்டத்துக்குப் பாதிதான் கிடைக்கும். இந்த பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக எழுதியிருந்தால் அதற்காக நஷ்டஈட்டைக் குறைக்க மாட்டார்கள். உங்கள் குறைவு 50 சதவீதம். அந்த 5 லட்சமும் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

இன்னொன்று, பல ஆடிட்டர்களே சொல்லாமல் விடுவது. அழிந்த சரக்கை வாங்கும்போது கட்டி, பிறகு வரவு எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி.யில் திருப்பிக் கட்ட வேண்டும். 18 சதவீதம் என்றால் 40 லட்சத்துக்கு 7.2 லட்சம். ஆகவே வரியும் சேர்த்து 47 லட்சத்துக்கு மேல் எழுதச் சொல்லுங்கள். கட்டடம் உரிமையாளர் பாடு. ரேக், கண்ணாடி, கம்ப்யூட்டரை மட்டும் உங்கள் பாலிசியில் சேருங்கள்.

அப்புறம், வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். கடன் வரம்புக்காக ஒரு கணக்கு, வரிக்காக ஒரு கணக்கு வைத்திருந்தால், நஷ்டத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். கணக்கின் நகல் ஒன்று வீட்டிலோ ஆன்லைனிலோ இருக்கட்டும். தண்ணீர் புகுந்தால் உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, போட்டோ எடுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த சரக்கைத் தள்ளிவிடாதீர்கள்.

செலவில்லாத வேலையும் உண்டு. பி.வி.சி. பைப்பைக் கீழே வைத்து, மோட்டார், ஸ்டார்ட்டரை மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். ரேக்கைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்குங்கள்; பூகம்பத்துக்கும் அதுவே ஏற்பாடு.

சரி, எஃப்.டி.? பிரீமியத்தைச் சேர்த்து 40 லட்சம் ஆக்க ஆயுசு போதாது. ஆனால் கிளெய்ம் பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வாடகை, சம்பளம், வட்டி நிற்காது. மூன்று மாதச் செலவைத் தனி எஃப்.டி.யில் வையுங்கள். அதை மட்டும் சி.சி.க்கு ஈடாகக் கொடுத்துவிடாதீர்கள்.