உறுமுகிறது, சுற்றவில்லை

கேள்வி: பழைய வீட்டுத் தேக்குச் சட்டங்களை இழைக்க, 2 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாருடன் இழைப்பு மெஷின் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றி, புல்லியில் கயிறு சுற்றி இழுத்துவிட்டால் ஓடுகிறது. காயில் போய்விட்டதா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இழுத்துவிட்டால் ஓடுகிறதென்றால் மெயின் காயில் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு ஸ்டார்ட்டிங் பக்கம், அதாவது மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சரிலோ சென்ட்ரிஃபியூகல் சுவிட்சிலோ. உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் காயில் கருகும்.

பிளக்கை உருவுங்கள். கண்டன்சரின் இரு முனைகளிலும் 100 வாட் குண்டு பல்பின் வயர்களை வைத்து சார்ஜை இறக்குங்கள். பிறகு கண்டன்சரின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவு) காட்டும் மீட்டரில் அளந்து பாருங்கள். அதன்மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரடை விட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, புடைத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். புதியதில் மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் கூடலாம், குறையக் கூடாது.

கண்டன்சர் சரியென்றால் பின்மூடியைத் திறந்து சென்ட்ரிஃபியூகல் சுவிட்சைப் (மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் இணைப்பைத் தானே துண்டிப்பது) பாருங்கள். மர மெஷினில் முதல் சந்தேகமே இதன்மேல்தான். தேக்குத்தூளில் எண்ணெய்ப்பசை உண்டு. கிரீஸோடு சேர்ந்து சுவிட்சின் பாயின்ட்டில் (தொடுமுனையில்) மெழுகாய் அப்பியிருக்கும். 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். சரியாகிவிட்டால், மோட்டார் நிற்கப்போகும் நேரத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்.

மூடுமுன் 500 வோல்ட் மெகர் (கரன்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்து காயிலுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பிளக்கைச் சொருகவே வேண்டாம்.