கூன் போட்டு உட்கார்ந்தால் வலி வருமா?

கேள்வி: கணக்கர் வேலை பார்க்கும் எனக்கு வயது 41. மாலையானால் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போய் வலிக்கின்றன. நான் கூன் போட்டு உட்காருவதுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால், தோள்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பட்டை ஒன்றை வாங்கி மூன்று வாரங்களாக அணிகிறேன். வலி குறையவில்லை. உட்காரும் விதம் சரியில்லை என்றால் உண்மையிலேயே வலி வருமா? இந்த வயதில் அதைத் திருத்துவதில் பயன் உண்டா?

பதில்: முதலில் அந்தப் பட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டார் சொல்வதையே மருத்துவர்களும் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் கூன் போடுபவருக்கு வலி வரும், நிமிர்ந்திருப்பவருக்கு வராது என்ற அந்தக் கணக்கு, ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது இடித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 17 வயது நிரம்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும் விதத்தை அளந்து வகைப்படுத்தி, 2016இல் வெளியிட்ட ஆய்வில், எந்த வகையினருக்கும் கழுத்து வலி மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. அவர்களையே 22 வயதில் மீண்டும் விசாரித்தபோது, ஆண்களிடம் தொடர்பு எதுவும் தென்படவில்லை. பெண்களிடமோ, 17 வயதில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தவர்களைவிடத் தளர்ந்து உட்கார்ந்தவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. தளர்ந்து உட்கார்ந்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது மனச்சோர்வுதான்.

பழைய அறிவுரைக்கு அடிப்படையே இல்லாமல் இல்லை. 1960களில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்றார். 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் புதிய கருவியால் மீண்டும் அளந்தபோது, நிற்கையில் 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், நாற்காலியில் சாய்ந்து தளர்வாக உட்கார்ந்தபோது ஏறத்தாழ 0.3 ஆகக் குறைந்தது. முன்பக்கம் முழுவதும் குனிந்து உட்கார்ந்தபோதோ 0.83 ஆனது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் இதைப் பெரிதாகக் கொண்டாடவும் முடியாது. கைப்பேசியைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். அது 2014இல் கணினி மாதிரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கு. அதில் யாருடைய வலியும் அளக்கப்படவில்லை. பாரம் ஏறுவது வேறு, அதனால் காயமோ வலியோ உண்டாவது வேறு.

அப்படியானால் மாலையில் ஏன் வலிக்கிறது? தலையையும் கைகளையும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் தாங்கும் தசைகள், சிறிய அளவில்தான் என்றாலும், இடைவிடாமல் இறுகியே இருப்பதால் களைத்துவிடுகின்றன. நிமிர்ந்த முதுகோடு அசையாமல் இருந்தாலும் இதே கதிதான். உங்கள் பட்டை தோற்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், அது ஓர் அசையாமைக்குப் பதிலாக இன்னோர் அசையாமையைத் தந்தது. இதோடு தூக்கக் குறைவு, வேலை நெருக்கடி, முன்பே வலி வந்த வரலாறு ஆகியவையும் சேர்கின்றன. எலும்பு தேய்ந்துவிட்டதோ என்ற பயத்தில் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம்: வலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையின்படி, ஜவ்வுத் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இருந்தது.

எனவே நீங்கள் திருத்த வேண்டியது வளைவை அல்ல, நேரத்தை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், சாயுங்கள், வேண்டுமானால் கூனும் போடுங்கள். திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, முழங்கைகளை மேசையில் தாங்கவிட்டுப் பாருங்கள். வலி குறைந்தால் அந்த மாற்றம் உங்களுக்கு ஏற்றது, அவ்வளவே. இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது உடற்பயிற்சி. டென்மார்க்கில், அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் அலுவலகப் பணியாளர்கள் 198 பேரிடம் நடத்திய ஆய்வில், ரப்பர் பட்டையை மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியை வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டே நிமிடம் செய்தவர்களுக்கும் 10 வாரங்களில் வலி குறைந்தது. கைக்குள் மரப்பு இறங்கினாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ, வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்தாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: என் 14 வயது மகன் எப்போதும் கூன் போட்டே இருக்கிறான். நிமிர்ந்து உட்காரச் சொல்லி அன்றாடம் சண்டை. விட்டுவிடலாமா?

பதில்: ஒரு சோதனை செய்யுங்கள். அவனைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள்; முதுகு தரையோடு படிந்தால் அது வெறும் பழக்கம், சண்டையை நிறுத்திவிடலாம். படுத்தும் வளைவு மாறாமல் நின்றாலோ, இரு கைகளையும் தொங்கவிட்டு முன்னால் குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தாலோ, அது அவன் உட்காரும் விதத்தால் வந்ததல்ல. எலும்பு வளர்ச்சியோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும். வளரும் வயது முடிவதற்குள் எலும்பு மருத்துவர் ஒருவர் அவனைப் பார்ப்பது அவசியம்.