ரவுண்டா, நெட்டையா, நீட்டா? மீன் தொட்டி ஷேப் கேள்வி பதில்

தொட்டி ஷேப் பத்தி நெறைய பேர் கேட்டிருக்கீங்க, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

வியாசர்பாடியில இருந்து: அண்ணே, பாப்பா பர்த்டேக்கு ரவுண்டு பவுலும் ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷும் கொளத்தூர்ல பாத்து வெச்சிருக்கேன், வாங்கலாமா?

வேணாம்பா. கடையில ரெண்டு இன்ச் இருக்குற கோல்டு ஃபிஷ் ஒழுங்கா வளந்தா அரை அடி தாண்டும், கழிவும் ஜாஸ்தி, பவுல்ல ஃபில்டர் வைக்க எடமும் கிடையாது. அதுவும் இல்லாம எல்லாரும் பவுலை கழுத்து வரைக்கும் ரொப்பிடுறாங்க, மீனுக்கு காத்து எறங்குறது தண்ணியோட மேல்பரப்பு வழியாத்தான், அது சாசர் அளவுக்கு சுருங்கிட்டா மீன் மேல வந்து வாயப் பொளந்துகினு நிக்கும். ஏற்கனவே வாங்கிட்டவங்க வயிறு பெருத்த எடம் வரைக்கும் மட்டும் ரொப்புங்க. ஃபைட்டர் மீன் விடலாமான்னு அடுத்து கேப்பீங்க. அது வெளிக்காத்தையே இழுத்துக்கும், அதனால பவுல்ல தாக்குப் பிடிக்கும், ஆனா ஒரு அடி தொட்டி குடுத்துப் பாருங்க, மீன் நடமாட்டமே வேற மாதிரி இருக்கும்.

பெரம்பூர்ல இருந்து: ஹால் சின்னது சார். நெட்டையா ஆறு பட்டை டேங்க் வாங்கினா எடம் அடைக்காது, லிட்டர் அதேதான்னு கடைக்காரர் சொல்றார்.

லிட்டர் விஷயத்துல அவர் சொல்றது சரிதான். கணக்குக்கு சாதா தொட்டியையே எடுத்துக்கலாம், நீளம் 24 இன்ச், அகலம் 12, உயரம் 12, சுமார் 56 லிட்டர் புடிக்கும். அதையே தூக்கி நிமித்தி வெச்சா தண்ணி அதே 56தான், ஆனா மேல்பரப்பு 288 சதுர இன்ச்ல இருந்து 144க்கு வந்துடும், மீன் நீந்துற நீளமும் பாதி. நெட்டை டேங்க் எதுவா இருந்தாலும் இதே கததான். நம்ம ஊர் மே மாசத்துல தண்ணி சூடாகும், சூடான தண்ணியில ஆக்ஸிஜன் கம்மியாத்தான் கரையும், அந்த நேரம் பாத்து கரண்டும் போய் மோட்டார் நின்னுச்சுன்னா அகலமான தொட்டி கொஞ்ச நேரம் தாங்கும், நெட்டையில மீனெல்லாம் சீக்கிரமே மேல வந்துடும். நெட்டைதான் வேணும்னு அடம் புடிச்சா மீனைக் கம்மியா விடுங்க, பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. அப்புறம், அடி மண்ணை சுத்தம் பண்ண தோள் வரைக்கும் கைய விடணும், அதை வாங்கும்போது யாரும் யோசிக்கிறதே இல்ல!

ராயபுரத்துல இருந்து: மூணாவது மாடி, பழைய வீடு. 3 அடி தொட்டி தாங்குமா?

36க்கு 18க்கு 18 இன்ச்னா தண்ணி மட்டும் 190 கிலோ, கண்ணாடி, கல்லு, ஸ்டாண்டு சேத்தா இன்னும் ஏறும். நடு ஹால்ல வேணாம், கீழ பீம் ஓடுற சுவரை ஒட்டி வைங்க, தளத்துல விரிசல் இருந்தா இன்ஜினியர் யாரையாவது கூப்ட்டு காட்டாம வைக்காதீங்க. ஸ்டாண்டுல ரசமட்டம் வெச்சுப் பாத்து, மேல தெர்மாகோல் ஷீட் போட்டு அப்புறம் தொட்டிய ஏத்துங்க. கண்ணாடி மேல அழுத்தம் ஏறுறது தண்ணி உயரத்தாலதான், அதனால 18 இன்ச் உயரத்துக்கு கண்ணாடி தடிமன் 8 மில்லிமீட்டருக்கு கீழ எவன் குடுத்தாலும் வாங்காதீங்க, ஐநூறு ஆயிரம் கம்மியா கெடைக்குதுன்னு பாத்தா அப்புறம் ஹாலெல்லாம் தண்ணிதான்.

தண்டையார்பேட்டை அக்கா ஒருத்தங்க: ஏஞ்சல் மீனுக்கும் உயரம் வேணாமா தம்பி?

வேணும்கா, அதுக்கு மேலயும் கீழயும் இறக்கை நீளம். 18 இன்ச் உயரம் போதும், நீளத்தையும் கொறைக்காதீங்க.

மூலக்கடையில இருந்து: 4 அடி தொட்டியில அரோவனா விடலாமா ப்ரோ?

குட்டியா இருக்கும்போது ஓகே. சில்வர் அரோவனா ரெண்டு அடிக்கு மேல வளரும், அது திரும்பணும்னா தொட்டி அகலமே ரெண்டு, ரெண்டரை அடி வேணும். நீளத்த மட்டும் பாத்து வாங்குறவங்கதான் இங்க மாட்டிக்கிறாங்க.

எண்ணூர்ல இருந்து: முன்பக்கம் வளைஞ்ச கண்ணாடி எப்படி?

பாக்க அழகு. ஓரத்துல மீன் பெருசாவும் கோணலாவும் தெரியும், பாசி சொரண்ட நேர் பிளேடு படியாது, விலையும் கூட. செவுத்துல ஃபோட்டோ மாதிரி மாட்டுற நாலு இன்ச் தொட்டிய விட இது எவ்ளோவோ பரவால்ல, அதை மட்டும் வாங்கிடாதீங்க.