வலி இல்லாத பாதத்தை எப்படிப் பரிசோதனைக்கு வரவழைப்பது?

கேள்வி: சிறிய கிளினிக் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைத் தவறாமல் பரிசோதிப்பது என்று தொடங்கினோம். இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. டாக்டருக்கு நேரமில்லை, தனிக் கருவி இல்லை, நோயாளிகளும் "வலியே இல்லையே, எதற்கு?" என்கிறார்கள். மறுபடி எப்படித் தொடங்குவது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில் கடைசியதுதான் கஷ்டம். மற்ற நோய்களில் வலியே ஆளை இழுத்து வந்துவிடும். இங்கே நரம்பு மரத்துப்போவதுதான் பிரச்சினை. ஷூவுக்குள் கிடந்த கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, ராத்திரி காலுறையில் ரத்தக்கறையைப் பார்த்தபிறகு வருகிறவர்கள் உண்டு. "வலி இல்லை" என்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் சோதனை அல்ல, ஷூவைக் கழற்றுவது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தபின் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தால், "சரி, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று ஆகிவிடும். எடை பார்க்கும்போதே கழற்றச் சொல்லிவிடுங்கள். வெறுங்காலோடு உள்ளே வருகிறவரின் பாதம் கண்ணில் படாமல் போகாது.

உணர்ச்சியைச் சோதிக்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை இருந்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் ஆள்காட்டி விரல் போதும். இதற்கு இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர். நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. முக்கியமாக, தொட்டுக்கொண்டே "தெரியுதா?" என்று கேட்காதீர்கள். நம் மனம் நோகக் கூடாது என்று பாதிப் பேர் ஆமாம் என்பார்கள்!

அப்புறம் விரலிடுக்கு, கால் ஆணி, நிறமாற்றம், பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்னும் நாடி ஆகியவற்றைப் பாருங்கள். ஷூவுக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள்.

எல்லாரையும் மாதாமாதம் கூப்பிட்டதால்கூட உங்கள் முயற்சி நின்றிருக்கலாம். உணர்ச்சியும் நாடியும் சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை போதும். இரண்டில் ஒன்று குறைந்தால் 6 முதல் 12 மாதத்துக்குள் ஒருமுறை. இரண்டுமே குறைந்தாலோ, ஒன்றோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதம். முன்பு புண் வந்தவர், விரலையோ காலையோ இழந்தவர் என்றால் 1 முதல் 3 மாதம். இந்தக் கடைசி வகையினரைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். புண் ஆறியதும் கட்டு போடுவது நிற்கும், அதோடு வருகையும் நிற்கும். ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது. இவர்களுக்குத் தனி நோட்டுப் போட்டு, வராத நாளில் நீங்களே போன் செய்யுங்கள்.

அன்றைக்கே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவை: சிவந்து பரவும் புண், கறுத்த விரல், புண்ணோடு காய்ச்சல். இன்னொன்று எளிதில் ஏமாற்றும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருக்கும். சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு வருவார்கள். அது எலும்பு நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகக்கூட இருக்கும். அந்தக் காலை ஊன்றவே விடாமல், நாற்காலி வண்டியில் உட்காரவைத்து அனுப்புங்கள்.