கனடாவுல நம்ம பசங்களுக்கு டிரிபிள் ஏ ஐஸ் ஹாக்கி டீம்ல இடம் கிடைக்க எவ்வளவு சான்ஸ் இருக்கு?

கேட்டவங்க எழுதினது இது தான்: டொரண்டோ பக்கம் இருக்கோம், பையனுக்கு 8 வயசு, டிசம்பர்ல பொறந்தவன், ரெண்டு வருஷமா ஹவுஸ் லீக்ல ஆடுறான், நல்லா ஆடுறான்னு எல்லாரும் சொல்றாங்க, டிரிபிள் ஏ டீமுக்கு சான்ஸ் எவ்ளோ இருக்கு, இப்பவே ப்ரைவேட் கோச்சிங்ல போடணுமா?

டிசம்பர்ல பொறந்தவன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைய பாத்துட்டு தான் பதில் எழுத உக்காந்தேன். என் பையன் நவம்பர் கடைசில பொறந்தவன். மிசிசாகால இருக்கோம், அஞ்சு வயசுல ஸ்கேட் போட்டான், இப்போ 15. டிரிபிள் ஏ தான் போட்டி லெவல்ல உச்சி, அதுக்கு கீழ டபுள் ஏ, அப்புறம் ஏ, எல்லாத்துக்கும் கீழ யாரும் சேரலாம்ங்கற ஹவுஸ் லீக். அந்த டிரிபிள் ஏ ட்ரைஅவுட் (ஆள் எடுக்கற செலக்ஷன்) மூணு வருஷம் போனோம், மூணு தடவையும் கட். அதனால இது தூரத்துல இருந்து பாத்து சொல்ற பதில் இல்ல.

மொதல்ல மாசக் கதைய சொல்லிடறேன், ஏன்னா எனக்கு யாரும் அப்போ சொல்லல. ஹாக்கி கனடால வயசுப் பிரிவு ஜனவரி 1ஆம் தேதிய வச்சு பிரிக்கறாங்க. ஒரே வருஷம் ஜனவரி 3ஆம் தேதி பொறந்த பையனும் டிசம்பர் 20ஆம் தேதி பொறந்த உங்க பையனும் ஒரே ட்ரைஅவுட்ல ஒரே கோட்டுல நிப்பாங்க. பெரியவங்களுக்கு ஒரு வருஷம் ஒண்ணும் இல்ல, ஆனா ஒம்பது வயசுப் பையனுக்கு அது அவன் வாழ்ந்த வாழ்க்கைல பத்துல ஒரு பங்குக்கு மேல, உயரம் வேற, கால் பலம் வேற, கோச் சொல்றத வாங்கிக்கற பக்குவமும் வேற. 1980கள்ல ஆல்பர்ட்டால ரோஜர் பார்ன்ஸ்லின்னு ஒரு சைக்காலஜிஸ்ட், அவர் மனைவியோட ஜூனியர் மேட்ச் பாக்க போயிருக்காரு, மேட்ச் புக்லெட்ல ப்ளேயர்ஸ் பொறந்த தேதிய பாத்து இவ்ளோ பேரு ஜனவரி பிப்ரவரி மார்ச்னு இருக்கேன்னு கண்டுபிடிச்சது அவர் மனைவி தான். அதுக்கப்புறம் எத்தனையோ ஆய்வு வந்துடுச்சு, ஆனா பசங்கள பிரிக்கற முறை இன்னிக்கும் அதே தான்.

இதுல இன்னொண்ணு புரிஞ்சுக்கணும். கோச் வேணும்னே தப்பா எடுக்கறது இல்ல. ஒம்பது பத்து வயசுல பெரிய பையன எடுக்கறாங்க, அவனுக்கு வாரத்துக்கு மூணு நாலு தடவை ஐஸ் கிடைக்குது, நல்ல கோச், எதிர்ல நல்ல டீம், ஹவுஸ் லீக் பையனுக்கு வாரத்துல ஒரு ப்ராக்டிஸ் ஒரு மேட்ச். மூணு வருஷம் கழிச்சு 12 வயசுல ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தினா வித்தியாசம் நெஜமாவே இருக்கும். அப்போ யாரு பாத்தாலும் பெரியவன தான் எடுப்பாங்க. ஆரம்பத்துல அளந்தது உயரத்தையும் மாசத்தையும், கடைசில அதுவே திறமையா மாறி நிக்குது. இது எனக்கு ரொம்ப நாள் வயித்தெரிச்சலா இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

சரி, நம்பருக்கு வருவோம். டொரண்டோ ஏரியால ஜிடிஹெச்எல் (கிரேட்டர் டொரண்டோ ஹாக்கி லீக்) தான் லீக், 1911ல ஆரம்பிச்சது, உலகத்துலயே பெரிய மைனர் ஹாக்கி, அதாவது பசங்க ஹாக்கி, அமைப்புன்னு சொல்வாங்க. அதுல டிரிபிள் ஏ லெவல்ல ஒரு வயசுக்கு 12 கிளப், ஒரு டீம்ல சாதாரணமா ஓடி ஆடற 15 ஸ்கேட்டரும் 2 கோலியும் (கோல்கீப்பர்). கணக்கு போட்டா ஒரு வயசுக்கு 200 இடம் சொச்சம். இத பாத்து பரவால்லயேன்னு நினைப்பீங்க, நானும் நினைச்சேன். ஆனா ஒவ்வொரு டீம்லயும் போன வருஷம் ஆடின பசங்க பத்து பன்னெண்டு பேரு அப்படியே திரும்ப வருவாங்க. மிச்ச இடத்துலயும் பாதி, சீசன் நடக்கும்போதே கோச் வேற டீம் பசங்கள பாத்து அவங்க வீட்ல பேசி வச்சிருப்பாரு. ஏப்ரல் மே மாசம் ட்ரைஅவுட்னு போர்டு வச்சு காசு கட்ட சொல்லும்போது நெஜமா காலியா இருக்கறது ஒரு டீமுக்கு ஒண்ணோ ரெண்டோ இடம், அதுக்கு ஐஸ்ல நிக்கறது நாப்பது அம்பது பசங்க. நாங்க போன ஒரு ட்ரைஅவுட்ல ரெண்டாவது நாளே ஒரு அப்பா லாபில நின்னு அடுத்த வருஷ டீம் ஜாக்கெட் சைஸ் பத்தி பேசிட்டு இருந்தாரு, மூணாவது நாள் செலக்ஷன் இன்னும் நடக்கவே இல்ல. எந்த டீம்னு சொல்ல மாட்டேன், நிறைய இடத்துல இதே கதை தான். யாருக்கும் தெரியாம நேரா ட்ரைஅவுட்ல போய் எடம் புடிக்கறது நடக்கும், ஆனா அபூர்வம். அதனால வெறும் 200ஐ வச்சு சான்ஸ் கணக்கு போடாதீங்க.

எங்க ரெண்டாவது ட்ரைஅவுட் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சாயங்காலம் ஏழு மணி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிக்கறேன், இவன் 47ஆம் நம்பர். ஓடறதுல குறை இல்ல, பக் (ஆடற ரப்பர் வட்டு) கையாள்றதும் நல்லா தான் இருக்கு, அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் பின்னாடி விழறான்னு எனக்கு புரியல. பக்கத்துல நின்ன ஒரு பெரியவர், அவர் பேரனுக்காக வந்தவர், எங்கிட்ட மெதுவா சொன்னாரு, உங்க பையன் ஒரு பக்கம் தான் நிக்கறான் பாருங்கன்னு. அப்புறம் தான் பாத்தேன். விசில் அடிச்சா இடது பக்கம் திரும்பி டக்னு ஐஸ் தெறிக்க நிப்பான், வலது பக்கம் நிக்க வேண்டிய இடத்துல நிக்காம பெருசா ஒரு வட்டம் போட்டு திரும்புவான். அந்த வட்டம் அரை செகண்ட் தான், ஆனா அந்த அரை செகண்ட்ல மத்த நாலு பேரு பக்கு கிட்ட போயிடுவாங்க. நாலு வருஷமா காசு கட்டி ஆட வைக்கறேன், என் கண்ணுக்கு அது படவே இல்ல, அவன் கோச்சும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி மெயில் வந்துச்சு, லிஸ்ட்ல 47 இல்ல. கார்ல போன வாங்கி அவனே பாத்தான், மேல இருந்து கீழ ஒரு தடவ, கீழ இருந்து மேல ஒரு தடவ, அப்புறம் போன திருப்பி குடுத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். வீடு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் பேசல. பேசாம இருந்தது சரியா தப்பான்னு இன்னிக்கும் எனக்கு தெரியல.

அந்த குளிர்காலம் பூரா செலிப்ரேஷன் ஸ்கொயர்ல ஃப்ரீ ஸ்கேட்டிங் போனோம். ஸ்டிக் கொண்டு போக விட மாட்டாங்க, அதுவே நல்லதா போச்சு. போகும்போதெல்லாம் வலது பக்கம் அம்பது தடவ நிக்கணும்னு அவனே வச்சுக்கிட்டான். மொத ரெண்டு வாரம் விழுந்துக்கிட்டே இருந்தான், ஜனவரி கடைசில ஒரு நாள் சரியா நின்னுட்டு என்ன திரும்பி பாத்தான். அதுக்கு நான் ஒரு பைசா செலவு பண்ணல. அடுத்த வருஷம் டிரிபிள் ஏ மறுபடியும் கட் தான், ஆனா ஏ டீம்ல எடுத்தாங்க, அங்க இருந்து ரெண்டு வருஷத்துல டபுள் ஏ, இப்பவும் அதுல தான் ஆடுறான், ரெண்டு பக்கமும் நிப்பான்.

அதனால ப்ரைவேட் கோச்சிங் கேள்விக்கு என் பதில், ஷூட்டிங்குக்கும் ஸ்டிக் வித்தைக்கும் 8 வயசுல காசு போடாதீங்க, ஸ்கேட்டிங்குக்கு மட்டும் போடுங்க, அதுவும் முதல்ல உக்காந்து பாத்து எது வரலன்னு கண்டுபிடிச்சுட்டு போடுங்க. ரெண்டு பக்கமும் க்ராஸ்ஓவர் (ஒரு கால் மேல இன்னொரு கால தாண்டி வச்சு திரும்பறது) வருதா, பின்னாடி போறப்ப இடுப்பு தாழ்ந்து இருக்கா, நின்ன இடத்துல இருந்து முதல் மூணு அடி எவ்ளோ வேகம், பக் இல்லாதப்ப தலைய தூக்கி பாக்கறானா, பக் போயிடுச்சுன்னா திரும்பி துரத்தறானா இல்ல நின்னு பாக்கறானா. ட்ரைஅவுட்ல கோச் கிளிப்போர்டுல குறிக்கறது பெரும்பாலும் இது தான், கோல் எத்தனைன்னு அம்மா அப்பா தான் எண்ணுவோம்.

காசு பத்தியும் மறைக்காம சொல்லணும், நம்ம ஆளுங்க இத வெளிய பேச கூச்சப்படுவாங்க. எங்களுக்கு டபுள் ஏ டீம் ஃபீஸ் மட்டுமே வருஷத்துக்கு 5,000 டாலர் பக்கம் ஆச்சு, டிரிபிள் ஏல ஆடற குடும்பங்க இன்னும் பல ஆயிரம் மேல கட்டறாங்க, அதுக்கு மேல டோர்னமெண்ட் ஹோட்டல், பெட்ரோல், சம்மர் கேம்ப், 300 டாலர் ஸ்டிக் ஒண்ணு மேட்ச் நடுவுல உடைஞ்சா அப்புறம் இன்னொண்ணு. பையன் கோலின்னா கியர் செலவே தனிக்கதை. ஜனவரில பொறந்து காசும் இருக்கற வீட்டுப் பையன் முன்னாடி நிக்கறான்னா அதுக்கு உங்க பையன் காரணம் இல்லன்னு உங்களுக்குள்ள நீங்க தெளிவா இருக்கணும், ஏன்னா அவன் உங்க முகத்த தான் பாப்பான். உதவி வேணும்னா பசங்க விளையாட்டுச் செலவுக்கு உதவற கனேடியன் டயர் ஜம்ப்ஸ்டார்ட்டுக்கு அப்ளை பண்ணுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

என்ஹெச்எல் (உச்சி ப்ரொஃபஷனல் லீக்) கனவு இருக்கற வீடா இருந்தா இந்த கணக்கையும் பாத்துடுங்க. ஒன்டாரியோல 1975ல பொறந்து ஹாக்கி ஆடின பசங்க சுமார் 30,000 பேர ஒருத்தர் வருஷக்கணக்கா பின்தொடர்ந்து எண்ணியிருக்காரு. அதுல ஓஹெச்எல் (ஒன்டாரியோவோட பெரிய ஜூனியர் லீக்) டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் வரிசையா ஆள் எடுக்கறதுல, போனது 232 பேரு, என்ஹெச்எல் டிராஃப்ட்ல 48, என்ஹெச்எல்ல ஒரு மேட்சாவது ஆடினது 32 தான். இப்போ உலகம் பூரா இருந்து ஆளுங்க வர்றாங்க, இன்னும் கஷ்டம் தான். டிரிபிள் ஏ பசங்கள்லயே முக்காவாசிப் பேரு 18 வயசுல ஃப்ரெண்ட்ஸோட ராத்திரி பத்து மணி ஐஸ்ல ஆடிக்கிட்டு இருப்பாங்க.

ஆனா ஒம்பது வயசுல கட் ஆனத கடைசி தீர்ப்பா நான் எடுத்துக்க மாட்டேன், அதுக்கு காரணம் இருக்கு. 2013ல வந்த ஒரு ஆய்வு, 1980ல இருந்து 2006 வரைக்கும் என்ஹெச்எல் டிராஃப்ட்ல போன கனடாக்காரங்கள பாத்தாங்க. வருஷத்தோட ரெண்டாவது பாதில பொறந்தவங்க எண்ணிக்கைல 34 சதவீதம் தான், ஆனா ஆடின மேட்ச்ல 42 சதவீதம், பாயிண்ட்ல (கோலும் அசிஸ்ட்டும் சேத்து) 44 சதவீதம் அவங்களோடது. அதாவது அந்தப் பசங்கள ஆரம்பத்துல இருந்தே குறைச்சு மதிப்பு போட்டிருக்காங்க, வெளிய விழாம தாக்குப்பிடிச்சவங்க பின்னாடி நிரூபிச்சுட்டாங்க. மாசத்த விட்டுட்டு பாத்தாலும் குறைச்சு மதிப்பு போட்டவங்க உண்டு. மார்ட்டின் செயின்ட் லூயிய என்ஹெச்எல்ல யாரும் டிராஃப்டே பண்ணல, ஆளு அஞ்சடி எட்டு அங்குலம், 2018ல ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்துட்டாங்க. டொரண்டோல வளர்ந்த பி.கே. சுப்பன், ஜமைக்கால இருந்து வந்த அப்பா, ஸ்கூல் வேலை முடிச்சுட்டு ராத்திரி நேரத்துல நேத்தன் ஃபிலிப்ஸ் ஸ்கொயர் ஃப்ரீ ரிங்க்குக்கு சின்னப் பையன கூட்டிட்டு போவாராம். அந்தப் பையன ஓஹெச்எல் டிராஃப்ட்ல ஆறாவது ரவுண்டுல தான் எடுத்தாங்க, 2013ல என்ஹெச்எல்லோட சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நாரிஸ் ட்ராஃபி வாங்கினான். இவங்க எல்லாம் விதிவிலக்கு, ஒத்துக்கறேன். ஆனா வெளிய போயிருந்தா விதிவிலக்காவும் ஆகியிருக்க முடியாது.

13, 14 வயசுல எல்லாம் மாறும். உடம்பு வளர்ற நேரம், யூ15ல (15 வயசுக்கு கீழ உள்ள பிரிவு) பாடி செக்கிங், அதாவது உடம்பால மோதி தடுக்கறது, வேற ஆரம்பிக்குது, முன்னாடி பெரிய பையனா இருந்தவன் வளர்றது நின்னுடும், சின்னவன் ஒரே சம்மர்ல நாலு அங்குலம் போடுவான், சில பசங்க பயந்து விட்டுடுவாங்க, சில பசங்க போரடிச்சு விட்டுடுவாங்க. டீம்ல இடம் நெஜமா காலியாகறது அப்போ தான். ஓஹெச்எல் ஆடினா அமெரிக்கா காலேஜ் ஹாக்கி ஆட முடியாதுன்னு ரொம்ப வருஷமா ஒரு ரூல் இருந்துச்சு, அதையும் 2025ல இருந்து எடுத்துட்டாங்க, அதனால 15 வயசுல எந்த வழின்னு முடிவு பண்ணியே ஆகணும்ங்கற நெருக்கடியும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பொண்ணு இருந்தா அவளையும் ஐஸ்ல விடுங்க, 2024 ஜனவரில பெண்களுக்கு பிடபிள்யூஹெச்எல்ங்கற ப்ரொஃபஷனல் லீக் ஆரம்பிச்சதுல இருந்து ரிங்க்ல பொண்ணுங்க முகத்துல ஒரு வேற தெளிவு தெரியுது எனக்கு.

உங்க பையனுக்கு என் கணிப்ப கேட்டா, அடுத்த ரெண்டு வருஷத்துல டிரிபிள் ஏ கிடைக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, ஏ டீமுக்கு நல்லாவே இருக்கு, அங்கயே போடுங்க. டிரிபிள் ஏல கடைசி லைன்ல பெஞ்ச்ல உக்காந்து கதவு திறந்து விடறத விட ஏ டீம்ல ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் ஐஸ்ல இறங்கற பையன் தான் வளருவான், இத நான் ரெண்டு வீட்ல கண்ணால பாத்தேன். டிரிபிள் ஏ ட்ரைஅவுட் ஒண்ணு மட்டும் போங்க, பழக்கத்துக்கு, அவன் கிட்ட முன்னாடியே மாசக் கணக்க சொல்லிட்டு கூட்டிட்டு போங்க. 8 வயசுக்கு அது புரியும். என் பையனுக்கு நான் 12 வயசுல தான் சொன்னேன், அப்போ அவன் கேட்டான், இத மொதல்லயே ஏம்மா சொல்லலன்னு.

ஏப்ரல்ல சீசன் முடிஞ்சதும் ஸ்பிரிங் டீம்னு மெசேஜ் வரும், எலைட்னு பேரு போட்டிருப்பாங்க, 1,500 டாலர் கேப்பாங்க. இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிட்டு சாக்கரோ நீச்சலோ விடுங்க. ட்ரைஅவுட் போறதா இருந்தா ஸ்கேட்ட அன்னிக்கு காலைல ஷார்ப்பன் பண்ணாதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடி பண்ணி ஒரு தடவ ஆட விடுங்க, புது எட்ஜ்ல சின்னப் பசங்க தடுமாறுவாங்க. அப்புறம் அவன் எந்தப் பக்கம் நிக்கறான்னு இந்த சனிக்கிழமையே பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.